வால்வு லீனியர் (அமெச்சூர் வானொலியில் டிரான்ஸ்மிட்டரின் திறனைக் கூட்டும் பெருக்கி) கட்டியவர்களே, உங்களை அதிகம் படுத்தியது எது?

என்னுடையது இரண்டு 811ஏ வால்வுகளை கிரவுண்டட் கிரிட் முறையில் (கிரிட் எனும் கட்டுப்பாட்டு முனையைத் தரையோடு சேர்த்து) இணைத்த பெருக்கி. எந்த வால்வு என்பதில்தான் பலரும் மாதக்கணக்கில் வாதிடுகிறார்கள். என் உயிரை எடுத்தது வெளியீட்டுப் பக்கத்து பை நெட்வொர்க், அதாவது வால்வை ஆண்டெனாவுக்குப் பொருத்தும் காயில்-கண்டென்சர் சுற்று. 1500 வோல்ட், இரண்டு வால்வுக்கும் சேர்த்து 350 மில்லி ஆம்பியர் என்றால் பிளேட் (வால்வின் வெளியீட்டு முனை) கேட்கும் சுமை ஏறக்குறைய 2700 ஓம். கியூவை (சுற்றுக்குள் சுழலும் ஆற்றல் வெளியே போவதைப்போல் எத்தனை மடங்கு என்பதன் அளவு) 12 என்று வைத்தால், 7 மெகாஹெர்ட்ஸில் டியூனிங் கண்டென்சர் 100 பிக்கோஃபாரட் கேட்கும். 28 மெகாஹெர்ட்ஸில் 25தான் கேட்கும். வம்பு அங்கேதான். வால்வுகளுக்குள்ளேயே 11 போய்விடுகிறது. கண்டென்சரை முழுக்கத் திறந்தாலும் அதில் மிஞ்சுவது, பிளேட் சோக் (பிளேட்டுக்கு நேர்மின்னோட்டத்தை விட்டு ரேடியோ மின்னோட்டத்தைத் தடுக்கும் சுருள்), கம்பிகள் எல்லாம் சேர்ந்து 25ஐத் தாண்டிவிடும். கியூ எகிறும், காயிலில் சுழலும் மின்னோட்டமும் எகிறும், ஆண்டெனாவுக்குப் போகவேண்டிய திறன் காயிலைச் சுடவைக்கும். 80 முதல் 20 மீட்டர் பேண்டுகள் வரை (ஏறக்குறைய 3.5 முதல் 14 மெகாஹெர்ட்ஸ்) போதும் என்று நிறுத்திக்கொண்டேன். ஒரே பெட்டியில் எல்லா பேண்டும் வேண்டும் என்பது பேராசை.

* * *

நண்பர் ஒருவரின் லீனியரில் பிளேட் சோக் ஒரே ஒரு பேண்டில் மட்டும் புகைந்தது, மற்றவற்றில் சூடுகூட இல்லை. அதன் தொடர் ஒத்ததிர்வு (சோக் தடுக்கும் வேலையை விட்டுவிடும் அதிர்வெண்) அந்த பேண்டுக்குள் விழுந்திருந்தது. சோக்கின் இரு முனைகளையும் ஷார்ட் செய்து, ஒத்ததிர்வைக் காட்டும் கிரிட் டிப் மீட்டரை அருகில் கொண்டுபோனதுமே காட்டிக்கொடுத்தது. சில சுற்றுகளைக் கழற்றியதும் சரியாயிற்று. இதைப் பெட்டிக்குள் பொருத்திய நிலையில் அளக்க வேண்டும். மேசைமேல் வைத்து அளந்தால் கணக்கு வேறாக வரும்.

* * *

நான் அஞ்சுவது மின்வழங்கிக்கு. 100 மைக்ரோஃபாரட், 450 வோல்ட் கண்டென்சர்கள் நான்கைத் தொடராகப் போட்டிருக்கிறேன். 1500 வோல்ட்டில் அவற்றில் நிற்பது 28 ஜூல். ஆளைக் கொல்லப் போதும். ஒவ்வொன்றுக்கும் குறுக்கே 100 கிலோ ஓம் மின்தடை இருப்பதால் அணைத்து ஒரு நிமிடத்தில் வடிந்துவிடும். ஆனால் அந்த மின்தடைகளில் ஒன்று எரிந்து அறுந்துபோனால், அந்தக் கண்டென்சர் மட்டும் வடியாமல் காத்திருக்கும். அதனால் எர்த் கம்பி கட்டிய கழியால் தொட்டபிறகே உள்ளே கை வைப்பேன்.

வெளியீட்டு முனைக்கும் சேஸிஸுக்கும் இடையில் 2.5 மில்லிஹென்றி சோக் ஒன்றும் உண்டு. பிளேட் பக்கத் தடுப்புக் கண்டென்சர் (உயர் மின்னழுத்தம் ஆண்டெனாப் பக்கம் போகாமல் நிறுத்துவது) ஷார்ட் ஆனால் ஆண்டெனாக் கம்பியில் 1500 வோல்ட் வந்து நிற்கும். இந்தச் சோக் அதைத் தரைக்கு இழுத்து ஃபியூஸை எரித்துவிடும். நீங்கள் பின்பற்றும் வரைபடத்தில் அது இல்லையென்றால் நீங்களே வரைந்து சேர்த்துவிடுங்கள்.