வீட்டில் 90, டிரையலில் 38: படிவம் 5 கணிதத்தில் எங்கே கோளாறு?

பிறைக்காரி:
வணக்கம். பினாங்கு, பிறையில் இருக்கிறோம். மகன் படிவம் 5, இந்த வருஷம் எஸ்பிஎம் அரசுத் தேர்வு. டியூஷனுக்கு அனுப்ப இப்போ கையில் காசு இல்லை. அவனும் "நானே நெட்டுல படிச்சுக்கிறேம்மா"ன்னுட்டான். சும்மா சொல்லக்கூடாது, ராத்திரி பதினோரு மணி வரைக்கும் உட்கார்றான். ஒரு இணையதளத்தில் பழைய எஸ்பிஎம் கேள்விகளா போட்டுப் பார்க்கிறான். எண்பது, தொண்ணூறுன்னு மார்க் வருது, போன்ல பச்சை பச்சையா டிக் விழுறதை நானே பார்த்தேன். எஸ்பிஎம்முக்கு முன்னாடி வைக்கிற டிரையல் பரீட்சை ரிசல்ட் வந்தா கணக்குல, அதான் மோடன் மேட்ஸ்ல, 38! முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கான், திட்டவும் மனசு வரல. வேற நல்ல இடம் இருந்தா சொல்லுங்களேன்.

சுங்கை பாக்காப்:
அக்கா, இடம் மாத்துறது இருக்கட்டும். அந்தக் கேள்விகள் எந்த வருஷத்துது? "பூமி செபாகாய் ஸ்ஃபெரா", அதான் பூமியைக் கோளமா வச்சுப் போடுற கணக்கு, வருதா, அட்சரேகை, கடல் மைல்னு?

பிறைக்காரி:
வருது தம்பி. அதுலதான் அவன் புலி! 2012லிருந்து 2019 வரைக்கும் எல்லாத் தாளும் முடிச்சுட்டான்.

சுங்கை பாக்காப்:
போச்சு. அந்தப் பாடம் இப்போ எஸ்பிஎம்ல இல்லக்கா. அதெல்லாம் கேபிஎஸ்எம்ங்கிற பழைய பாடத்திட்டக் காலத்துத் தாள். அதுக்கு அடுத்த கேஎஸ்எஸ்எம் பாடத்திட்டத்துல வந்த முதல் எஸ்பிஎம் 2021ஆம் வருஷத்துது, கோவிட்டால 2022 மார்ச்சுலதான் எழுதினாங்க. அதுக்கப்புறம் காப்புறுதி, வரி, கிராஃப்ல ரங்காயான் (வலையமைப்பு), கணித மாடலிங்னு புதுசா வந்ததுக்குப் பழைய தாள்ல ஒரு கேள்விகூடக் கிடைக்காது. மாத்ரிக்ஸ், உபாஹான் (மாறல்) ரெண்டும் இன்னும் இருக்கு, அதனால முழுக்க வீண்னு சொல்ல மாட்டேன். பாவம், கடல் மைலுக்குப் போன ராத்திரிகள்தான் திரும்பாது.

ஓய்வு வாத்தியார்:
தம்பி சொன்னது பாதி. அம்மா, இரண்டு தாளிலும் தனித்தனியாக எவ்வளவு?

பிறைக்காரி:
முதல் தாள் 24, இரண்டாம் தாள் 29, சார்.

ஓய்வு வாத்தியார்:
அதைத்தான் நினைத்தேன். முதல் தாள் அப்ஜெக்டிவ், 40 மார்க், ஒன்றரை மணி நேரம். இரண்டாம் தாள் 100 மார்க், இரண்டரை மணி நேரம், வழிமுறை எழுத வேண்டும். மொத்தம் 140இல் உங்கள் பையனுக்கு 53, அதுதான் அந்த 38 விழுக்காடு. அவன் ராத்திரியெல்லாம் பயிற்சி எடுத்தது அந்த 40க்கு மட்டும்தான். போனில் விரலால் தட்டினால் கை எழுதப் பழகாது. நெட்டில் டிரையல் தாள்கள் மாநிலவாரியாகக் கிடைக்கின்றன, டெலிகிராமிலும் சுற்றுகின்றன. ஸ்கீமாவோடு, அதாவது மார்க் போடும் விடைக்குறிப்போடு, இருப்பதாகப் பார்த்து எடுங்கள். அதில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் கே1, என்1 என்று இருக்கும். கே என்றால் வழிமுறைக்கு, என் என்றால் விடைக்கு. விடை தப்பானாலும் கே1 கிடைக்கும், வெறும் விடை எழுதினால் அதுவும் போகும். பிரிண்ட் எடுத்து, கடிகாரம் வைத்து எழுதச் சொல்லுங்கள்.

யுஎஸ்எம் பையன்:
அக்கா, தம்பி ஃபோட்டோமேத் மாதிரி ஏதாவது வச்சிருக்கானான்னு பாருங்க. கேள்வியைப் படம் பிடிச்சா வழியோட விடை வரும். பார்க்கும்போது எல்லாம் புரிஞ்ச மாதிரியே இருக்கும், நானும் அப்படித்தான் ஏமாந்தேன். முதல்ல அவன் எழுதட்டும், அப்புறம் படம் பிடிக்கட்டும். நிகழ்தகவு, மாத்ரிக்ஸ் அடிப்படைக்கு கான் அகாடமி அருமை. ஆனா அவங்க நம்ம ஊர்ப் பாடத்திட்டத்துக்குச் செய்யல. கோஇன்சூரன்ஸ், ரோட் டாக்ஸ் எல்லாம் அங்க தேடாதீங்க. அதுக்கு டெலிமாவுல, அதான் கல்வி அமைச்சோட இணையக் கற்றல் தளத்துல, பாடநூலே டிஜிட்டலா இருக்கு. யூடியூப்ல தேடும்போதும் மலாய்ல, படிவம், பாடம் நம்பரோட போடச் சொல்லுங்க. வெறுமனே "மாத்ரிக்ஸ்"னு போட்டா யூனிவர்சிட்டிப் பாடம் வந்து பயமுறுத்தும்.

இன்சூரன்ஸ்காரர்:
கோஇன்சூரன்ஸ்னு காதுல விழுந்ததும் வந்துட்டேன். நான் கணக்கு வாத்தியார் இல்ல, ஆனா இது என் சோறு. வீட்டு மதிப்பு ரிம 400,000, மதிப்புல குறைஞ்சது இவ்வளவுக்குக் காப்புறுதி எடுக்கணும்கிற நிபந்தனை 80 விழுக்காடுன்னா 320,000க்கு எடுத்திருக்கணும். நீங்க 240,000க்குத்தான் எடுத்தீங்க. தீப்பிடிச்சு 50,000 நஷ்டம், டிடக்டிபிள், அதாவது நீங்களே ஏத்துக்க வேண்டிய தொகை, 2,000. எடுத்தது எடுக்க வேண்டியதுல முக்கால் பங்கு, அதனால நஷ்டத்திலும் முக்கால், 37,500. அதுல 2,000 கழிச்சா கைக்கு வர்றது 35,500. டிடக்டிபிளை முதல்லயே கழிச்சுட்டு முக்கால் போட்டா 36,000 வரும், தப்பு. ஐம்பதாயிரமும் வரும்னு நினைச்சு என்கிட்ட சண்டைக்கு வர்ற பெரியவங்களே உண்டு, பையனைச் சொல்லி என்ன!

பிறைக்காரி:
பத்து நாள் கழிச்சு வர்றேன். ஃபோட்டோமேத் இருந்துச்சு, பிடிச்சுட்டேன். சனிக்கிழமை சாப்பாட்டு மேசையில ஒரு இரண்டாம் தாளை உட்கார்ந்து எழுத வச்சேன், மணியும் பார்த்தேன். நான் எஸ்பிஎம்ல கணக்கு ஃபெயில், இருந்தாலும் ஸ்கீமாவை வச்சுக்கிட்டு கே1 இருக்கா என்1 இருக்கான்னு தேடித் தேடித் திருத்தினேன். 46. காப்புறுதிக் கேள்வி முழு மார்க், அண்ணனுக்கு நன்றி. ஒண்ணு மட்டும் எங்க ரெண்டு பேருக்கும் புரியல. உருப்பெருக்கம் 3 மடங்கு, கோடு போட்ட பகுதி 120 சதுர செ.மீ, சின்ன உருவத்தோட பரப்பு கேட்கிறாங்க. அவன் 120ஐ 3ஆல வகுத்து 40னு எழுதினான். ஸ்கீமால 15.

யுஎஸ்எம் பையன்:
நீளம் 3 மடங்குன்னா பரப்பு 3 × 3, அதாவது 9 மடங்குக்கா. பெரிய உருவத்துக்குள்ள சின்னதும் இருக்கு, அதை எடுத்துட்டா கோடு போட்ட பகுதி 8 மடங்கு. 120 ÷ 8 = 15. ஜியோஜீப்ராங்கிற கணக்கு ஆப்புல ஒரு முக்கோணம் போட்டு, மடங்கை ஸ்லைடர்ல 1, 2, 3னு நகர்த்திப் பரப்பைப் பார்க்கச் சொல்லுங்க. இலவசம்தான், போன்லயே ஓடும்.

பிறைக்காரி:
இப்போ நகர்த்திக்கிட்டு இருக்கான். "ஓ, நாலு, ஒன்பது"ன்னு சத்தம் கேட்குது. டெலிமா பாஸ்வேர்டைத்தான் மறந்து தொலைச்சிருக்கான்.

ஓய்வு வாத்தியார்:
பள்ளியில் ஐசிடி ஆசிரியரைக் கேட்கச் சொல்லுங்கள், மாற்றிக் கொடுப்பார்.

பிறைக்காரி:
திங்கட்கிழமை கேட்கச் சொல்றேன் சார்.