போலீஸ் பேஜ்ல ‘இவர் திருடன் இல்லை’ன்னு ஒரு வரி போடச் சொல்லிக் கேட்க முடியுமா?

எல்லைக் கடைக்காரி:

நாங்க சித்தூர் தாலுகா, பாலக்காடு ஜில்லா. மளிகைக் கடை வச்சிருக்கேன். கடையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனா கோயம்புத்தூர் ஜில்லா வந்துரும். எங்க நாத்தனார் பையன் லோடு ஆட்டோ ஓட்டறான். விடியறதுக்கு முன்னாடி வேலந்தாவளம் மார்க்கெட்ல தக்காளி, அவரைக்காய் ஏத்திட்டு கே.ஜி.சாவடி வழியா கோவைக்குப் போவான்.

ஒரு நாள் தோட்டத்துக்காரர் ஒருத்தர் ஃபோன் பண்ணி வெண்டைக்காய் மூட்டை எடுக்க வரச் சொல்லியிருக்கார். இவன் இருட்டுல வண்டிய நிறுத்திட்டு, ஆளக் காணோமேன்னு காம்பவுண்டை எட்டிப் பார்த்திருக்கான். எதிர்வீட்டு கேமராவுல அது பதிவாயிருச்சு. அந்தச் சமயம் பார்த்து அக்கம்பக்கத்துல கிணத்து மோட்டார் திருட்டு வேற நடந்துட்டிருந்துச்சு. போதாதுங்களா? வீடியோவ வெட்டி, முகத்துல சிவப்பு வட்டம் போட்டு, ‘மோட்டார் திருடன், கண்டால் பிடிக்கவும்’னு மலையாளத்துல ஒண்ணு, தமிழ்ல ஒண்ணுன்னு ஃபேஸ்புக்லயும் வாட்ஸ்அப்லயும் விட்டுட்டாங்க. பொழுது சாயறதுக்குள்ள பொள்ளாச்சிக்காரங்க வரைக்கும் பார்த்துட்டாங்க.

ஸ்டேஷன்ல கூப்பிட்டாங்க, போனான். தோட்டத்துக்காரரும் வந்து சொன்னாரு. ஃபோன்ல இருந்த கால் லிஸ்டையெல்லாம் பார்த்துட்டு, ‘நீ போய்க்கோ மோனே’ன்னு அனுப்பிட்டாங்க. அடிக்கல, திட்டல, சாயா வாங்கிக் குடுத்தாங்க. அதையும் சொல்லணுமில்ல. ஆனா ‘இவன் மேல ஒண்ணும் இல்லைன்னு எழுதித் தாங்க சாரே’ன்னு கேட்டதுக்கு, கேஸே போடல, எதுக்கு எழுத்துன்னாங்க. வீடியோ போட்டவங்க மேல புகார் குடுத்தா, அதைப் போட்ட குரூப்போட அட்மின் தமிழ்நாட்டு ஆளு, அங்க போங்கன்னாங்க. அங்க போனா, சம்பவம் நடந்தது கேரளாவுல, அங்கயே போங்கன்னாங்க. இப்பவும் அந்த வீடியோ சுத்துது. பழக்கமான வியாபாரிங்களே வேற வண்டிக்கு லோடு ஏத்தறாங்க.

கேரளா போலீஸ் ஃபேஸ்புக் பேஜை நானும் பார்க்கறவதான். மீம் போட்டே 10 லட்சம் பேருக்கு மேல சேர்த்தாங்க. நியூயார்க் போலீஸையே தாண்டிட்டாங்கன்னு பேப்பர்ல எல்லாம் வந்துச்சு. 2020 மார்ச்ல கை கழுவச் சொல்லி ஆடின டான்ஸை எங்க தெருவுல ஷேர் பண்ணாத ஆளில்ல. அவ்வளவு பேர் பார்க்கற இடத்துல ‘இந்தப் பையன் மேல எந்தக் குற்றமும் இல்லை’ன்னு ஒரு வரி போடக்கூடாதா? யாரைப் போய்க் கேக்கணும்?

பழைய ஏட்டு:

தங்கச்சி, நான் தமிழ்நாடு போலீஸ்ல இருந்து ரிட்டையர் ஆனவன். அந்தப் பேஜை நடத்தறது திருவனந்தபுரம் தலைமை அலுவலகத்துல இருக்கற தனி செல். உங்க ஸ்டேஷன் ரைட்டர்கிட்ட பாஸ்வேர்ட் கிடையாது. எழுத்துல தராததுக்குக் காரணமும் சொல்றேன். இன்னைக்கு ‘இவன் நல்லவன்’னு சீல் வச்சுக் குடுத்து, நாளைக்கு வேற ஏதாவது கிளம்பினா எழுதிக் குடுத்தவனுக்குத்தான் மெமோ வரும். வாயால சொல்லி அனுப்பறது எல்லாருக்கும் சௌகரியம், உங்க பையனைத் தவிர.

2018-ல நான் வேலூர் பக்கம் டியூட்டி. பிள்ளை பிடிக்கிற கும்பல் ஆந்திரா பார்டர் தாண்டி வந்துருச்சுன்னு வாட்ஸ்அப்ல ஒரே புரளி. சுத்தின வீடியோவுல ஒண்ணு கராச்சியில குழந்தைப் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். கடைசியில குழந்தையைத் திருப்பிக் கொண்டுவந்து விடற இடத்தை மட்டும் வெட்டிட்டானுங்க. அந்த மே மாசம் போளூர் பக்கம் அத்திமூர்ல, குலதெய்வம் கும்பிட மெட்ராஸ்ல இருந்து வந்த 65 வயசு அம்மா, குழந்தைங்களுக்கு சாக்லேட் குடுத்தாங்க. அடிச்சே கொன்னுட்டாங்க. அதுக்கப்புறம் நாங்க ஆட்டோவுல மைக் கட்டி ஊர் ஊரா அலைஞ்சோம். ஜூலையிலதான் வாட்ஸ்அப் கம்பெனி, ஒரு தடவைக்கு அஞ்சு பேருக்கு மேல ஃபார்வர்ட் ஆகாதுன்னு கட்டுப்பாடு வச்சான்.

மறுப்பு போடத் தெரியாத டிபார்ட்மென்ட் இல்ல இது. 2023 மார்ச்ல பீகார்காரங்களத் தமிழ்நாட்டுல அடிக்கறாங்கன்னு பொய் வீடியோ கிளம்பினப்ப, டிஜிபி சைலேந்திர பாபுவே கேமரா முன்னாடி வந்து பேசினாரு. மாநிலத்துக்கே கெட்ட பேருன்னா டிஜிபி வருவாரு. லோடு ஆட்டோவுக்கு யாரு வருவா?

கோர்ட்டு வராந்தா:

ரெண்டு ஸ்டேஷனும் உங்களைப் பந்தாடினது தப்புதான். ஆனா அவதூறு வழக்கை போலீஸ் நேரடியாப் பதிவு பண்ண முடியாது. பாதிக்கப்பட்ட உங்க பையனே மாஜிஸ்திரேட் கோர்ட்ல தனியா புகார் போடணும். எவனாவது இவனை மடக்கி மிரட்டினாலோ கை வச்சாலோ அது வேற கதை. வாரண்ட் இல்லாம கைது பண்ணக்கூடிய குற்றம்னா எல்லை பார்க்காம எந்த ஸ்டேஷன்லயும் எஃப்ஐஆர் போடணும்னு 2024 ஜூலை 1-ல இருந்து அமலான புதிய நடைமுறைச் சட்டத்துல, 173-ஆம் பிரிவுலயே இருக்கு. அப்படி நடந்திருந்தா அதைத் தனியா எழுதுங்க.

இப்படி வீடியோ போடறவனை போலீஸே தூக்கி உள்ள வச்சா என்னன்னு தோணும். கேரளா அதையும் பண்ணிப் பார்த்துச்சு. 2020 நவம்பர்ல போலீஸ் சட்டத்துல 118ஏ-ன்னு அவசரச் சட்டம் கொண்டுவந்தாங்க. பத்திரிகைக்காரன்ல இருந்து மீம் போடறவன் வரைக்கும் யாரையும் பிடிக்கலாம்னு ஆயிடும்னு கத்தின கத்துல சில நாள்லயே வாபஸ் வாங்கிட்டாங்க. அது நல்லதுதான். அந்த அதிகாரம் உங்க பையனுக்கு உதவறதுக்கு முன்னாடி எம்எல்ஏவுக்குத்தான் உதவியிருக்கும்.

ஃபேஸ்புக்ல இருக்கற வீடியோவுக்கு அவங்க குறைதீர் அதிகாரிக்கே எழுதுங்க. 2021 விதிப்படி 24 மணி நேரத்துல புகார் கிடைச்சதுன்னு சொல்லணும், 15 நாள்ல முடிக்கணும்னு இருந்துச்சு; 2026 பிப்ரவரியில அதை 7 நாளாக் குறைச்சுட்டாங்க. வாட்ஸ்அப்ல சுத்தறதைப் பிடிக்கறது கஷ்டம், பொய் சொல்ல விரும்பல.

அட்டப்பாடி மாஷ்:

அந்தப் பேஜ் மேல உங்களுக்கு இருக்கற நம்பிக்கை எனக்கில்ல சேச்சி. பாலக்காடு ஜில்லா மலைப்பக்கம் எங்க அட்டப்பாடியில 2018 பிப்ரவரியில அரிசி திருடினான்னு மது என்ற ஆதிவாசி இளைஞனைக் காட்டுக்குள்ள போய்ப் பிடிச்சுக் கையைக் கட்டி, அவன் பக்கத்துல நின்னு செல்ஃபி எடுத்தாங்க. அவன் செத்துட்டான். அந்தப் படம் ஊரெல்லாம் பரவினதாலதான் கேரளாவே கொதிச்சுது. அப்புறம் கோர்ட்ல சாட்சிகள் பலர் பிறழ்ந்தாங்க. 14 பேர் குற்றவாளின்னு 2023 ஏப்ரல்லதான் தீர்ப்பு வந்துச்சு. படம் ஒரே நாள்ல போச்சு, தீர்ப்புக்கு அஞ்சு வருஷம்.

திருச்சூர் ஜில்லா குன்னங்குளத்தைப் பாருங்க. 2023 ஏப்ரல்ல ஸ்டேஷனுக்குள்ள ஒரு இளைஞர் காங்கிரஸ்காரரை அடிச்ச சிசிடிவி காட்சி, தகவல் உரிமைச் சட்டத்துல போராடி வாங்கி, 2025 செப்டம்பர்லதான் வெளிய வந்தது. வந்தப்புறம்தான் சஸ்பெண்ட். மீம் போடற அதே டிபார்ட்மென்ட்தான்.

இன்னொண்ணு. பேஜ்ல அவன் நிரபராதின்னு போட்டா, இதுவரைக்கும் அந்த வீடியோவைப் பார்க்காதவனும் தேடிப் பிடிச்சுப் பார்ப்பான். கமெண்ட்ல என்ன எழுதுவாங்கன்னு உங்களுக்கே தெரியும். அதுக்குப் பதிலா உங்க ஜனமைத்ரி பீட் ஆபீசரைப் பிடிங்க. போலீஸ் ஜனங்களோட பழகணும்னு 2008-ல ஆரம்பிச்ச திட்டம், வீடு வீடா வர்றவங்க. அவரை மார்க்கெட்டுக்கு வரச்சொல்லி வியாபாரிங்க முன்னாடி ரெண்டு வார்த்தை பேசச் சொல்லுங்க. பையனை ஒரு வார்த்தை கேட்டீங்களா?

எல்லைக் கடைக்காரி:

கேட்டேன் மாஷ். பேஜ்ல போட வேண்டாங்கறான். ‘இப்பத்தான் ஆளுங்க மறந்துட்டு வர்றாங்க அத்தை’ன்னான். மறந்தவங்களா லோடு குடுக்காம இருக்காங்கன்னு எனக்குக் கோவம்தான். ஆனா முகம் அவனோடது.

பீட் சார் நல்ல மாதிரி. மார்க்கெட்டுக்கு வர்றேன்னு சொல்லியிருக்காரு, யூனிஃபார்ம்லயே வரச் சொல்லியிருக்கேன். எழுத்து மட்டும் விடறதா இல்ல. எஸ்பி ஆபீஸ்ல மனு குடுக்கலாம்னு இருக்கேன். எனக்கு மலையாளம் பேச வரும், எழுத வராது. தமிழ்ல குடுத்தா வாங்குவாங்களா?

கோர்ட்டு வராந்தா:

தாராளமா தமிழ்லயே குடுங்க. கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969. தமிழ், கன்னட சிறுபான்மைக்காரங்க அவங்க மொழியிலயே அரசாங்கத்துக்கு எழுத இடம் இருக்கு. கவுண்டர்ல முணுமுணுத்தா அந்தச் சட்டத்துப் பேரைச் சொல்லுங்க. ‘விசாரித்ததில் இவர் மீது குற்றம் எதுவும் தெரியவில்லை என எழுத்தில் தரவும்’னு ஒரே கோரிக்கை போதும், கதை வேண்டாம். ரசீது வாங்காம நகராதீங்க. பதில் வரலைன்னா அந்த நம்பரை வச்சு, மனு மேல என்ன நடவடிக்கைன்னு தகவல் உரிமைச் சட்டத்துல கேக்கலாம். அதுக்கு 30 நாள்ல பதில் சொல்லியாகணும்.