டெக்குக்குக் கீழே ரக்கூன் குட்டி போட்டிருக்கிறது, என்ன செய்யலாம்? (ஸ்காபரோ)

மல்வேர்ன்_வீடு | மே 13

வணக்கம். ரொறன்ரோவில், ஸ்காபரோவில் மல்வேர்ன் பக்கம் இருக்கிறோம். வீடு வாங்கி மூன்று வருடம் ஆகிறது. இதுவரைக்கும் ரக்கூன் வந்தால் குப்பைப் பெட்டியைத் தட்டிவிட்டுப் போகும், அவ்வளவுதான். இந்த வருடம் அப்படி இல்லை.

இரண்டு கிழமையாகப் பின்வளவில் பாத்தி எல்லாம் கிண்டிக் கிடக்கிறது. பாகலுக்கும் வெண்டிக்கும் என்று பதப்படுத்தி வைத்த பாத்திதான் முதல் இலக்கு. நல்ல காலம், நாற்றுகள் இன்னும் வீட்டுக்குள் யன்னலோரத்தில் இருக்கின்றன.

போன சனிக்கிழமை பார்த்தால் டெக்கின் (வீட்டுக்குப் பின்னால் உள்ள மரத்தளம்) ஓரத்தில் ஒரு பலகை கழன்று, இரண்டு கை அகலத்துக்கு ஓட்டை. விளிம்பில் சாம்பல் நிற மயிர் ஒட்டியிருந்தது. நேற்று இரவு பத்தரை மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு, டெக் பலகையில் காதை வைத்துக் கேட்டேன். பூனைக்குட்டி சிணுங்குவது போல ஒரு சத்தம், இடையிடையே குருவி கத்துவது போலவும். கொஞ்ச நேரத்தில் தாய் வெளியே வந்து, படியில் நின்று என்னையே பார்த்தது. கையைத் தட்டினேன், அசையவில்லை.

எனக்கு 4 வயதில் மகள் இருக்கிறாள். அவளுடைய மணல் பெட்டி ஓட்டையிலிருந்து பத்தடி தூரத்தில்தான். அம்மாவுக்கு 71 வயது, தினமும் பின்கதவால்தான் வெளியே போவார். மனைவி ஓட்டையைச் சுற்றி மிளகாய்த்தூள் போட்டார், அன்றிரவே மழை. பக்கத்து வீட்டுக்காரர் பொறிக்கூண்டு தருகிறேன், பிடித்து ரூஜ் பூங்காவில் விட்டுவிடு என்கிறார்.

பொறி வைக்கலாமா? தாய் வெளியே போன நேரம் பார்த்து ஓட்டையை அடைத்துவிடலாமா? யாரைக் கூப்பிடுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கென்னடி_ரோட்_அண்ணை | மே 13

தம்பி, ஓட்டையை மட்டும் இப்போது அடைக்காதையுங்கோ. நான் செய்த பிழையை நீங்கள் செய்யக்கூடாது என்பதற்காகத்தான் உடனே எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் கூரையில் ஒரு காற்றுத்துளை மூடி உடைந்து, ரக்கூன் உள்ளே போய்விட்டது. ஏப்ரல் கடைசி. மாலையில் அது வெளியே போனதைப் பார்த்துவிட்டு ஏணி வைத்து ஏறி, தகரம் வைத்துத் திருகாணி போட்டு இறுக்கினேன். குட்டி இருக்கும் என்று யோசிக்கவே இல்லை. அன்றிரவு அந்தத் தாய் கூரையில் பிறாண்டிய சத்தம் விடியும் வரை கேட்டது. அடுத்த இரவும் வந்தது. கூரை ஓட்டில் அரை டசின் பெயர்ந்து விழுந்தது. மூன்றாம் இரவு அது வரவில்லை. ஒரு கிழமையில் படுக்கையறைக்கு மேலே நாற்றம் தொடங்கியது. ஆள் பிடித்து உட்கூரையைத் திறந்தபோது மூன்று குட்டிகள். செலவு போகட்டும், அந்தப் பிறாண்டல் சத்தம் இன்னும் மனதில் இருக்கிறது.

சிவப்பு_வாளி | மே 14

வனவிலங்கு மீட்பு ஒன்றில் சனி ஞாயிறுகளில் உதவி செய்கிறேன். அண்ணை சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

முதலில் பொறி. பிடித்துத் தூரத்தில் விடுவதற்கு ஒன்ராறியோவில் சட்டம் இடம் கொடுக்காது. பிடித்த விலங்கை 24 மணி நேரத்துக்குள், பிடித்த இடத்திலிருந்து 1 கிலோமீற்றருக்குள்தான் விட வேண்டும். ரூஜ் பூங்கா மல்வேர்னில் பெரும்பாலான வீடுகளுக்கு அந்தத் தூரத்தைத் தாண்டித்தான் இருக்கும். நஞ்சு வைப்பதும் குற்றம். சட்டத்தை விடுங்கள், இப்போது பொறியில் விழப்போவது பாலூட்டுகிற தாய். அதைக் கொண்டுபோனால் உங்கள் டெக்குக்குக் கீழே பட்டினியில் நான்கைந்து குட்டி.

ரக்கூன் சுமார் 63 நாள் சினையாக இருக்கும். இங்கே பெரும்பாலும் மார்ச் கடைசியிலிருந்து மே வரை குட்டி போடும். கண் திறக்கவே மூன்று கிழமை. எட்டுப் பத்துக் கிழமையில்தான் தாயின் பின்னால் வெளியே நடந்து வரும். நீங்கள் கேட்ட சத்தத்தை வைத்துப் பார்த்தால் உங்களுடையவை இன்னும் நடக்காத குட்டிகள்.

உங்களுக்குச் சாதகமான விஷயம் ஒன்று உண்டு. தாய் ரக்கூன் ஒரே இடத்தை நம்பி இருக்காது. அந்த வட்டாரத்திலேயே வேறு பொந்து, வேறு கொட்டில் என்று தெரிந்து வைத்திருக்கும். இந்த இடம் அமைதியாக இல்லை என்று பட்டால் குட்டிகளைக் கழுத்தில் கவ்வி ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்விடும். அந்த எண்ணத்தை அதற்கு வரவைப்பதுதான் உங்கள் வேலை.

பொழுது சாய்வதற்குக் கொஞ்சம் முன், ஓட்டைக்கு அருகில் ஒரு ரேடியோவை வையுங்கள். பாட்டு வேண்டாம், ஆட்கள் பேசுகிற நிலையம் நல்லது. பிரகாசமான விளக்கு ஒன்றை உள்ளே படும்படி திருப்புங்கள். பழைய துணியை அப்பிள் சைடர் வினிகரில் நனைத்து ஒரு கிண்ணத்தில் வாசலோரம் வையுங்கள், குட்டிகளுக்கு மேலே எறிய வேண்டாம். அந்துருண்டை, மிளகாய்த்தூள் இரண்டும் வேண்டாம். குட்டியின் கண்ணும் மூக்கும்தான் எரியும், தாய் போகாது.

குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போக அதற்கு இரண்டு மூன்று இரவு கொடுங்கள். அந்த நேரத்தில் வளவுக்குள் நடமாட வேண்டாம். அப்புறம் ஓட்டையைக் கசக்கிய செய்தித்தாளால் இலேசாக அடைத்துப் பாருங்கள். உள்ளே ஏதாவது இருந்தால் தள்ளிவிடும். மூன்று இரவு கடதாசி அசையாமல் இருந்தால்தான் நிரந்தரமாக மூடலாம்.

நகரசபைக்கு 311 எடுத்தால், நோயுற்ற, காயம்பட்ட விலங்கென்றால் வருவார்கள். சுகமாக இருக்கும் ரக்கூனைத் தனியார் வளவிலிருந்து எடுத்துப்போக மாட்டார்கள்.

வெண்டிக்காய் | மே 14

ஒரு கேள்வி. பாத்திக்கு என்ன உரம் போட்டீர்கள்? ரக்கூன் வெறும் மண்ணை இரண்டு கிழமை தொடர்ந்து கிண்டாது.

மல்வேர்ன்_வீடு | மே 14

எல்லாருக்கும் நன்றி. பொறியை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கென்னடி அண்ணை, நீங்கள் எழுதியதை வாசித்த பிறகு என் மனைவி கையோடு போய் மிச்ச மிளகாய்த்தூளையும் கூட்டி அள்ளிவிட்டார்.

உரம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. மாட்டெரு ஒரு பை. அப்புறம் அம்மா ஊர் வழக்கத்தில் மீன் கழுவின தண்ணீரை ஊற்றுவார். மீன் தலை, குடல் எல்லாம் பாத்தியில் ஒரு முழம் தோண்டித் தாட்டுவோம். பாகல் அதில் நன்றாகக் காய்க்கும்.

வெண்டிக்காய் | மே 14

அதுதான் காரணம். ஒரு முழம் தாட்டாலும் அதன் மூக்குக்கும் கைக்கும் அது ஒன்றுமே இல்லை. ரக்கூனின் முன்னங்கையைப் பார்த்திருக்கிறீர்களா? ஐந்து விரல், சின்னப் பிள்ளையின் உள்ளங்கை போல இருக்கும். கண்ணால் பார்க்காமலே தடவித் தடவி இரையை எடுக்கும். வாளியைத் திறக்கும், தாழ்ப்பாளைத் தூக்கும்.

எங்கள் அம்மம்மாவும் யாழ்ப்பாணத்தில் மீன் தண்ணீரை முருங்கைக்குத்தான் ஊற்றுவார். அங்கே சரி, இங்கே அது இரவு விருந்துக்கு அழைப்பு வைப்பது போல. கடையில் விற்கிற மீன் உரம், எலும்புத்தூள், இரத்தத்தூள் எல்லாவற்றுக்கும் இதே கதைதான், வாசனைக்கு ஸ்கங்க்கும் (நாற்றத் திரவம் பீய்ச்சும் விலங்கு) சேர்ந்து வரும். மீன் கழிவை நகரசபையின் உணவுக்கழிவுப் பெட்டியான பச்சைப் பெட்டிக்குள் போடுங்கள். 2016இலிருந்து நகரசபை தந்த புதுப் பெட்டியில் பிடியைத் திருகிப் பூட்டலாம், ஆனால் பலர் திருகாமலே விட்டுவிடுகிறார்கள். நான் மீன் கழிவைக் குளிர்பெட்டியின் உறைபகுதியில் வைத்துவிட்டு, குப்பை எடுக்கும் நாள் காலையில்தான் பெட்டிக்குள் போடுகிறேன். பாகலுக்கு நன்றாக மக்கிய இலைக்குப்பை போதும்.

கிண்டிய பாத்தியில் ஏற்கனவே தாட்டதை எல்லாம் தோண்டி எடுத்துவிடுங்கள். பாதி மிச்சம் இருந்தாலும் திரும்பி வரும்.

இரவுப்பணி_தாதி | மே 15

பிள்ளை இருக்கிறபடியால் இதை எழுதுகிறேன். கடியை விட எனக்குப் பெரிய கவலை அதன் எச்சம். ரக்கூன்கள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கழிக்கும். மரத்தடி, விறகுக் குவியல், டெக் மூலை, மணல் பெட்டி எல்லாம் அதற்குப் பிடித்த இடங்கள். அந்த எச்சத்தில் உருளைப்புழுவின் முட்டை இருக்கலாம். மனிதருக்குள் போனால் மூளையையும் கண்ணையும் பாதிக்கக்கூடியது. அரிதுதான், ஆனால் மண்ணை வாயில் வைக்கிற வயதுப் பிள்ளைகளுக்குத்தான் ஆபத்து அதிகம்.

புதிதாக விழுந்த எச்சத்தில் முட்டை உடனே தொற்றாது, அதற்கு இரண்டு முதல் நான்கு கிழமை வேண்டும். அதனால் கண்டதும் எடுத்துவிட வேண்டும். கையுறை, என்95 முகமூடி, முதலில் தண்ணீர் தெளித்துத் தூசி கிளம்பாமல் செய்து, பையில் இரண்டு மடிப்பாகக் கட்டி எறியுங்கள். பிறகு அந்த இடத்தில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர். பிளீச் அந்த முட்டையைக் கொல்லாது, இதை நிறையப் பேர் தெரியாமல் பிளீச் ஊற்றிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். மணல் பெட்டியில் பழைய மணலை முழுதாக மாற்றி, இறுக்கமான மூடி போடுங்கள்.

ரேபிஸ் என்கிற விசர் நோய் பற்றியும் பயம் இருக்கும். ரக்கூன் வழி விசர் நோய் 2015 டிசம்பரில் ஹமில்ரன் பக்கம் மறுபடி வந்தது. பகலில் வெளியே வந்துவிட்டது என்பதற்காக அது விசர் என்று அர்த்தமில்லை. பாலூட்டுகிற தாய் பசிக்குப் பகலிலும் அலையும். தள்ளாடுகிறது, வட்டம் சுற்றுகிறது, ஆளைக் கண்டு ஒதுங்கவே இல்லை என்றால் கிட்டப் போகாமல் 311க்குச் சொல்லுங்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ உடனே 15 நிமிடம் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட வேண்டாம்.

மல்வேர்ன்_வீடு | மே 19

நடந்ததைச் சொல்கிறேன். 15ஆம் தேதி பொழுது சாயும் நேரம் ரேடியோ, விளக்கு, வினிகர் துணி மூன்றும் வைத்தோம். முதல் இரவு ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் இரவு மேல் அறை யன்னலில் இருட்டில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மணிக்குப் பிறகு தாய் வெளியே வந்தது, வாயில் ஏதோ தொங்கியது. முதலில் துணி என்று நினைத்தேன். குட்டி. கைகால்களைச் சுருட்டி, வால் தாயின் நெஞ்சில் படத் தொங்கியது. வேலியில் ஏறி, மேலே ஒரு நிமிடம் நின்று மூச்சு வாங்கிவிட்டு, அந்தப் பக்கம் இறங்கியது. அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று நான்கு குட்டி. நான்காவதைக் கொண்டுபோன பிறகும் ஒரு முறை திரும்பி வந்து, உள்ளே போய்ப் பார்த்துவிட்டுத்தான் போனது. மனைவி அழுதுவிட்டார்.

நேற்று மாலை ஓட்டையில் கடதாசி அடைத்தேன். இன்று காலை அப்படியே இருக்கிறது. மீன் தலை எல்லாவற்றையும் தோண்டி எடுத்தாயிற்று. மூடுவது எப்படி?

கென்னடி_ரோட்_அண்ணை | மே 19

இன்னும் இரண்டு இரவு பாருங்கோ. பலகை மட்டும் அடித்தால் பக்கத்தில் மண்ணைத் தோண்டி உள்ளே போகும். அரை அங்குலக் கண் உள்ள கனத்த இரும்பு வலை வாங்குங்கோ, கோழிக்கூட்டு வலை வேண்டாம், அதைக் கிழித்துவிடும். டெக்கைச் சுற்றி ஓரடி ஆழம் வெட்டி, வலையைக் கீழே இறக்கி, அடியில் ஓரடி வெளிப்பக்கமாக மடித்து மண்ணைப் போடுங்கோ. தோண்ட வருகிறது வலையில் முட்டிக்கொண்டு நிற்கும், பின்னால் போய்த் தோண்ட அதற்குத் தோன்றாது.

வெட்டுவதற்கு முன் ஒன்ராறியோ வன் கோல் (Ontario One Call) என்கிற சேவைக்குச் சொல்லி, நிலத்துக்குள் எரிவாயுக் குழாய், மின்கம்பி எங்கே போகிறது என்று குறித்துத் தரச் சொல்லுங்கோ. இலவசம். மண்வெட்டியால் வெட்டினாலும் கேட்கத்தான் வேண்டும்.

இன்னொன்று. இலையுதிர் காலத்தில் புல்லைச் சுருட்டிப் பாய் போல உரித்துவிடும். அது வண்டுப்புழு தின்ன வருவது. இங்கே 2009இலிருந்து வீட்டுப் புல்லுக்கு இரசாயன மருந்து அடிக்கத் தடை, நெமற்றோட் என்கிற நுண்புழுவை ஓகஸ்ட் கடைசியில், மண் நன்றாக நனைந்திருக்கும்போது மாலையில் தெளிக்கலாம்.

மல்வேர்ன்_வீடு | மே 30

வலை போட்டு முடித்தாயிற்று. குழாய் குறித்துத் தர நான்கு வேலைநாள் எடுத்தது, டெக்கிலிருந்து இரண்டடியில் எரிவாயுக் குழாய் போகிறது. கேட்காமல் வெட்டியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

ஒரு விஷயத்தை நான் முதலில் எழுதாமல் விட்டுவிட்டேன். அம்மா சனிக்கிழமைகளில் காகத்துக்கு வைக்கிற சோற்றுத் தட்டு டெக் கைப்பிடியிலேயே மறுநாள் வரை இருக்கும். அதைச் சொன்னால் காகத்துக்கு வைப்பதையே நிறுத்தச் சொல்கிறேன் என்று நினைப்பாரோ என்று தயங்கினேன். நிறுத்தச் சொல்லவில்லை. இப்போது காலையில் தட்டை வைத்துவிட்டு, தேநீரோடு பின்கதவுப் படியில் உட்கார்ந்திருக்கிறார். காகம் வந்து தின்று போனதும் மிச்சத்தைக் கையோடு உள்ளே எடுத்துவருகிறார். போன சனிக்கிழமை மகளும் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு காகம் என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.