நிழலிட்ட பகுதி கணக்கு: பசங்களுக்கு எப்படிப் புரிய வைக்கிறீங்க?

கணக்கு மிஸ்:
எட்டாம் வகுப்புக்கு எடுக்கறேன். வட்டம், அரைவட்டம்னு தனியா குடுத்தா டக்குன்னு போட்டுடறாங்க, சதுரத்துக்குள்ள வச்சு நிழலிட்ட பகுதி கேட்டா பேனாவ கீழ வச்சிடறாங்க. 14 செ.மீ சதுரம், எதிரெதிர் மூலையில இருந்து ரெண்டு கால்வட்டம், நடுவுல இலை மாதிரி வரும்ல, அதுக்கு ரெண்டு கால்வட்டத்தையும் கூட்டி சதுரத்த கழிச்சு 308 - 196 = 112ன்னு போட்டேன். ஒரு பொண்ணு "கால்வட்டமே சதுரத்துக்குள்ளதானே மிஸ் இருக்கு, அப்பறம் எப்படி சதுரத்த கழிக்கறீங்க"ன்னு கேட்டா. நல்ல கேள்வி, எனக்கு சரியா விளக்க வரல.

பாய்க்கணக்கு:
மிஸ், பாய வச்சு சொல்லுங்க. 10 அடி ரூம்ல 6 அடி பாய் ரெண்ட ரெண்டு சுவரோரமும் ஒட்டிப் போட்டா நடுவுல 2 அடி ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக்கும், 12ல ரூம் நீளம் 10 போக மிச்சம் 2. இலையும் அந்த ஏறிக்கிட்ட இடம்தான். மஞ்சள், நீலக் கண்ணாடி பேப்பர்ல கால்வட்டம் வெட்டி சதுரத்துமேல வைக்கச் சொல்லுங்க, இலை மட்டும் பச்சையா தெரியும், அதுக்கப்பறம் சூத்திரமே வேணாம் அவங்களே சொல்லிடுவாங்க.

மதுரைக்காரன்:
அப்படியே வளையத்தையும் பாத்துக்கோங்க. வெளி ஆரம் 21, உள் ஆரம் 14ன்னா நிறைய பேர் 7ன்னு கழிச்சுட்டு வர்க்கப்படுத்தி 154ன்னு எழுதறாங்க. பெரிய வட்டம் 1386, சின்னது 616, விடை 770. ரெண்டு வட்டத்தையும் தனித்தனியா வெட்டி கையில குடுத்தா இந்தத் தப்பு வராது. இன்னொண்ணு, 3.14 வச்சு இலைக்கு 111.72ன்னு எழுதற பிள்ளைக்கு தயவுசெஞ்சு தப்பு போடாதீங்க, 22/7ம் தோராயம்தானே.

கணக்கு மிஸ்:
இன்னைக்கு கண்ணாடி பேப்பர் வச்சுப் பாத்தோம், க்ளாஸே சத்தம் போட்டுச்சு! அதே சதுரத்துல நாலு பக்கத்துலயும் அரைவட்டம் போட்டா வர்ற நாலு இதழ அந்தப் பொண்ணே 308 - 196ன்னு போட்டுட்டா. அதுவும் 112. ஏன் ரெண்டும் ஒரே விடைன்னு கேக்கறா.

பாய்க்கணக்கு:
சதுரத்த நாலா மடிக்கச் சொல்லுங்க மிஸ். ஒவ்வொரு 7 செ.மீ கட்டத்துலயும் ஒரு குட்டி இலை இருக்கும், பெரிய இலைக்கு நீளத்துல பாதி, பரப்புல கால்வாசி, 28. அந்த மாதிரி நாலு.