பாடத்திட்டத்துக்குக் ‘காலனிய நீக்கம்’ பொருந்துமா?

அன்புள்ள குழுவினருக்கு,

நம் அகராதியில் ‘decolonisation’ என்பதற்குக் ‘காலனிய நீக்கம்’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்று குழுவில் ஐயா எழுதியிருந்தார். நாடுகள் விடுதலை பெற்றதைச் சொல்ல அது போதும். பாடத்திட்டத்தோடு சேர்க்கும்போதுதான் இடறுகிறது.

தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் 2015 மார்ச் 9 அன்று ஒரு மாணவர், பிரித்தானியக் காலனியவாதியான செசில் ரோட்ஸின் சிலைமீது மலத்தை வீசினார். சரியாக ஒரு மாதத்தில், ஏப்ரல் 9 அன்று, கிரேன் வந்து சிலையைத் தூக்கிப் போனது. அது நீக்கம். ஆனால் என்ன கற்பிக்கிறீர்கள், யார் கற்பிக்கிறார்கள் என்றும் மாணவர்கள் கேட்டார்களே, அதற்கு எந்தக் கிரேனைக் கூப்பிடுவது?

என் முன்மொழிவு ‘காலனியக் களைவு’. களை எடுப்பவர் எது பயிர், எது புல் என்று குனிந்து பார்த்தாக வேண்டும். கோரையைப் பிடுங்கினாலும் கிழங்கு மண்ணுக்குள் கிடந்து மறுபடி முளைக்கும்.

பெயர் வைக்க வேண்டிய அடுத்த கருத்து, இரு நாட்டு வகுப்புகள் இணையத்தில் சேர்ந்து ஒரே பாடத்தைப் படிப்பது. ‘இணையவழிப் பன்னாட்டுக் கல்வி’ வேண்டாம். ஒருவர் அனுப்ப மற்றவர் வாங்கிக்கொள்ளும் தொலைக்கல்விக்கும் அது பொருந்திவிடும். ‘கூட்டுக் கற்றல்’ என்றால் பாடத்தை வகுப்பதிலும் இருவருக்கும் கை உண்டு. தென்னாப்பிரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஐந்தைந்து பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்திய இப்படியொரு திட்டத்தின் பெயர் ‘இகூடு’. கூடு அங்கே ஒரு மான். தமிழில் படித்தாலும் பொருள் வந்துவிடுகிறது!

---

மறுமொழி:

களை என்றால் பிடுங்கி எறிவது. 1968 அக்டோபரில் கென்யாவின் நைரோபிப் பல்கலைக்கழகக் கல்லூரியில் கூகி வா தியாங்கோ, ஹென்றி ஒவூர்-அன்யூம்பா, தாபன் லோ லியோங் மூவரும் ஆங்கிலத் துறையைக் கலைக்கச் சொன்னார்கள். ஆங்கில இலக்கியத்தை எறியச் சொல்லவில்லை. ஆப்பிரிக்காவை நடுவில் வைத்து, மற்றவற்றை அதன் தொடர்பில் படிக்கச் சொன்னார்கள். உங்கள் சொல்லின்படி ஷேக்ஸ்பியர் பயிரா, களையா? ‘நடுமாற்றம்’ என்று பாருங்களேன்.

---

மறுமொழி:

நல்ல அடி, அம்மா. ஆனால் நெல் அறுத்த வயலில் உளுந்து விதைத்தால், தாளில் துளிர்க்கும் நெல்லே களைதான். நெல்மீது யாருக்கும் பகை இல்லை. நிற்கும் இடம்தான் தவறு. ‘நடுமாற்றம்’ அழகாக இருக்கிறது, ஆனால் எதிலிருந்து மாறினோம் என்பதை அது சொல்லவில்லை. காலனியம் என்ற சொல் வெளியே தெரிய வேண்டும் என்பது என் பிடிவாதம்.

அகராதியில் நாடுகளுக்கு ‘நீக்கம்’, பாடத்திட்டத்துக்குக் ‘களைவு’ என இரண்டையும் தனித்தனிப் பதிவாக ஏற்றுகிறேன். பெயரடை ‘காலனியம் களைந்த பாடத்திட்டம்’. ‘களையப்பட்ட’ வேண்டாம், யார் களைந்தார்கள் என்பது அதில் மறைந்துவிடுகிறது.