ஒரே டிஸ்க்கை ஆறு வாங்கி வைக்கறது வியாதியா?

பார்ட்டிங்லைன்
டிஸ்க் கால்ஃப் (வட்டத்தட்டை எறிஞ்சு சங்கிலிக் கூடையில விழ வைக்கற ஆட்டம்) "புதுசா ஆட வர்றவங்களுக்கு" திரியில நம்ம சங்கிலிச்சத்தம் அருளியது: "பிடிச்ச டிஸ்க்கை ஆறு ஆறா வாங்கி அலமாரியில அடுக்கறது வியாதி. ஒரே மோல்டு (வார்க்கற அச்சு), ஒரே பிளாஸ்டிக்னா எடை 2 கிராம் முன்னப்பின்ன இருந்தாலும் ஒரே மாதிரிதான் பறக்கும். தொலைஞ்சா அன்னைக்கே கடையில வாங்கிக்கலாம்."

அங்க பதில் போட்டா புதுசா வர்றவங்க மிரண்டுடுவாங்க, அதனால இங்க தனியா.

ஸ்டார் பிளாஸ்டிக்ல வார்த்த டீபேர்ட்ங்கற டிஸ்க் ரெண்டு எடுங்க. ரெண்டுக்கும் பறக்கற எண் (வேகம், மிதப்பு, திருப்பம், கடைசிச் சாய்வு) 7, 5, 0, 2தான். ஒண்ணுக்கு டோம் (மேல்தட்டோட நடுப்பகுதி) மேடா இருக்கும், இன்னொண்ணு தட்டை. மேடா இருக்கறது மிதந்துக்கிட்டே போகும். தட்டை வேகமா கிளம்பி சீக்கிரமே இடப்பக்கம் சாயும் (வலக்கையை உடம்புக்குக் குறுக்க இழுத்து எறியற பேக்ஹேண்டுக்குச் சொல்றேன்). உருகின பிளாஸ்டிக் மோல்டுக்குள்ள ஆறும்போது சுருங்கும். என்ன சூடு, எத்தனை நொடி உள்ள விட்டாங்க, என்ன நிறமி கலந்தாங்க, இதுல எது மாறினாலும் மேல்தட்டு மாறும், ரிம்முல (வெளி விளிம்பு) மோல்டோட ரெண்டு பாதியும் சேர்ற கோடான பார்ட்டிங் லைன் உயரமும் மாறும். கோடு உயரமா இருந்தா ஓவர்ஸ்டேபிள் (இடப்பக்கமே சாயும்), தாழ்வா இருந்தா வலப்பக்கம் திரும்பும். அதனாலதான் ஒரே ரன்ல (ஒரே தடவையில வார்த்த தொகுப்பு) வந்ததா பாத்து, கையில இருக்கறதோட ஒத்துப்போறதை மொத்தமா வாங்கி வைக்கறது. ஒரே மாவு, ஒரே தட்டு, ரெண்டு ஈடு இட்லி ஒரே மாதிரி வருதா?

சங்கிலிச்சத்தம்
நான் சொன்னது 2 கிராம். நீங்க எழுதினது இட்லி. டீபேர்ட் விட்டம் 21.2 செ.மீ. ஒரு செ.மீ.க்கு 8.3 கிராம்ங்கற பிடிஜிஏ (தொழில்முறை டிஸ்க் கால்ஃப் சங்கம்) கணக்குல உச்ச எடை 176 கிராம். அதுல 2 கிராம் 1.1 சதவீதம். மழையில ஆடினா ரிம்முக்குள்ள ஒட்டற சேறு அதைவிட அதிகம். 2 கிராம் வித்தியாசம் உங்க கைக்குத் தெரியும்னு சொல்றீங்களா இல்லையா? ஆமா, இல்லைன்னு ஒரே வார்த்தையில பதில் வேணும்.

மரமோதி
ஒரு சின்ன சந்தேகம். பேக்கப்னா எது? அப்படியே புதுசா பூட்டி வைக்கறதா, இல்ல பையிலயே ரெண்டாவதா போட்டு ஆடறதா? ரெண்டுக்கும் எத்தனை வாங்கணும்ங்கற கணக்கு வேற ஆச்சே.

பார்ட்டிங்லைன்
"எடை" பத்தி நான் பேசவே இல்ல, இருந்தாலும் கேட்டீங்களே, சொல்றேன். மோல்டுக்குள்ள இருக்கற குழியோட கன அளவு மாறாது. அதே குழியில இருந்து 176ம் வருது, 174ம் வருதுன்னா ஒண்ணு கலவை மாறிருக்கு, இல்லைன்னா அடைச்ச அழுத்தம் மாறிருக்கு. ரெண்டுமே ஆறும் விதத்தை மாத்தும். ஆறும் விதம் மாறினா டோம் மாறும். 2 கிராமை உங்க கை உணர வேண்டாம், டிஸ்க் உணர்ந்தாப் போதும்.

சங்கிலிச்சத்தம்
ஆமாவா இல்லையான்னு கேட்டேன். உங்க டிஸ்க்குக்கு உணர்ச்சி இருக்குன்னு பதில் வந்திருக்கு.

அடியில பேனாவால எழுதின எண்ணை நம்பி இவ்வளவு பேச்சு. அடுப்படி தராசுல வெச்சுப் பாருங்க, 175னு எழுதினது 173 காட்டும், 172னு எழுதினது 174 காட்டும். நீங்க "ஒரே எடை"ன்னு பொறுக்கி வெச்ச ஆறுலயே 2 கிராம் வித்தியாசம் இருக்கும்.

ஹைசர்ஹரி
ரெண்டு பேரும் தப்பான பிளாஸ்டிக்கைப் பிடிச்சு மல்லுக்கட்டறீங்க. 1987ல வந்த ராக்ங்கற டிஸ்க்கை வெச்சுப் பேசுவோம். டிஎக்ஸ் மாதிரி பேஸ் (மலிவு ரக) பிளாஸ்டிக் மரத்துல பட்டுப்பட்டு மாறிக்கிட்டே இருக்கும். புதுசு எதிர்காத்துக்கும், கடைசியில இடப்பக்கம் சாயணும்ங்கற வீச்சுக்கும். கொஞ்சம் அடிபட்டது நேர்கோட்டுக்கு. நல்லா அடிபட்டது வலப்பக்கம் திரும்பிப் போறதுக்கு. ஒரே மோல்டு மூணு நிலையில, மூணு வேலை. நடுவுல இருக்கறது தொலைஞ்சா அலமாரியில இருந்து எடுக்கற புதுசு அதோட இடத்துக்கு வராது, பழக்கி எடுக்க ஒரு சீசன் போயிடும். அதனால பூட்டி வைக்கறது பேக்கப்பே இல்ல. ரெண்டு, மூணை எப்பவும் ஆட்டத்துல வெச்சிருக்கணும். மூணாவது ரொம்பத் தளர்ந்ததும் ஒவ்வொண்ணும் ஒரு படி இறங்கும், அலமாரியில இருந்து ஒண்ணு மேல வரும்.

சாம்பியன், இசட் மாதிரி பிரீமியம் (கெட்டி ரக) பிளாஸ்டிக்னா கதை வேற. அது மாற ரொம்ப நாளாகும். அதுக்குத்தான் ஒத்த ரன் தேடறதுல அர்த்தம் இருக்கு.

பார்ட்டிங்லைன்
ஹரி, நீங்க சொன்னதையேதான் நான் மேல சொல்லிருக்கேன், படிச்சுட்டு எழுதலாம்.

ஹைசர்ஹரி
மேல டீபேர்டும் இட்லியும்தான் இருக்கு. சுழற்சி பத்தி ஒரு வரி கிடையாது. முன்ன ஒரு திரியிலயும் இதே வேலைதான் பண்ணீங்க, அடுத்தவன் சொன்னதை நாலு பதிவு கழிச்சு சொந்தமாக்கறது.

பனிக்கூடை
ஃபின்லாந்துல இருந்து. குளிர்ல சாம்பியன் பிளாஸ்டிக் கல்லு மாதிரி இறுகிடும், பிடி நழுவும். நவம்பர்ல இருந்து இங்க நிறைய பேர் பேஸ் பிளாஸ்டிக்குக்கு மாறிடுவாங்க. பனிக்குள்ள புதைஞ்சா தேடி எடுக்கறதுக்காக அடியில டேப் போட்டு ரிப்பன் வேற ஒட்டறோம். அந்த ரிப்பனும் டேப்பும் என்ன எடைன்னு சங்கிலிச்சத்தம் சொல்லுங்க. அது காத்துல இழுக்கும், தூரமும் குறையும். எடை பெருசே இல்லைன்னு நிரூபிக்கணுமா, பெருசுன்னு நிரூபிக்கணுமான்னு எனக்கே தெரியல, ஆனா 2 கிராம்னதும் இதுதான் நினைவு வந்துச்சு.

சங்கிலிச்சத்தம்
நன்றி பனிக்கூடை. 2 கிராம் ஒட்டியும் ஊரே ஆடுது. என் கட்சிக்கு இதைவிட சாட்சி வேணுமா?

பார்ட்டிங்லைன்
இழுக்கும்னு அவரே எழுதிருக்காரு. பாதியை மட்டும் படிக்கறது உங்க பழைய வழக்கம்.

அடுத்து "அன்னைக்கே கடையில வாங்கிக்கலாம்". ரப்பர் டிஸ்க் செஞ்ச வைப்ரம் கம்பெனி 2018ல டிஸ்க் தயாரிப்பையே நிறுத்தினாங்க. ரப்பர் பட்டர் (கூடைக்குக் கிட்ட இருந்து போடற டிஸ்க்) பிடிச்சுப் பழகினவங்க அன்னைக்கு எந்தக் கடைக்குப் போனாங்க? டிஸ்க்மேனியாங்கற பிராண்டுக்கு இன்னோவா கம்பெனி வார்த்துக் கொடுத்துட்டு இருந்தாங்க. அந்த உறவு முடிஞ்சதும் எஃப்டி, பி2ன்னு அதே பேர்ல வேற இடத்துல வார்த்த டிஸ்க் வந்துச்சு. பேர் அதே, எண் அதே. பழசை விக்கறவன் இன்னைக்கும் "இன்னோவா வார்த்தது"ன்னு தனியா எழுதித்தானே விக்கறான்? 2020ல ஊரடங்கு வந்து திடீர்னு எல்லாரும் கூடைப் பக்கம் வந்தப்போ கடையில ரேக் ரேக்கா காலி. மீந்தது யாரும் தொடாத 150 கிராம் டிரைவர் (தூரம் எறியற டிஸ்க்). அன்னைக்கு "வியாதி"க்காரங்க ஆடிக்கிட்டு இருந்தாங்க.

சங்கிலிச்சத்தம்
அந்தத் தட்டுப்பாட்டுக்குக் காரணமே ஆளுக்கு ஆறு அள்ளிக்கிட்டுப் போன உங்க கூட்டம்தான். புதுசா ஆட வந்தவனுக்கு பஸ்ங்கற நடுத்தூர டிஸ்க் ஒண்ணு கிடைக்கல, இவங்க அலமாரியில ஒன்பது.

பார்ட்டிங்லைன்
பஸ் வேணுங்கறவன் உச்ச எடை 180ஐயே கேட்டு அடம்பிடிச்சா எப்படிக் கிடைக்கும்? 177 இருந்துச்சு.

சங்கிலிச்சத்தம்
ஓ! இப்ப 3 கிராம் குறைஞ்சாலும் பரவாயில்லையா?

பார்ட்டிங்லைன்
புதுசா வாங்கறவனுக்குப் பரவாயில்ல. அவன் கையில ஒப்பிடறதுக்கு எதுவும் இல்லையே. இது கூடப் புரியாம வழிகாட்டி எழுதக் கிளம்பிட்டீங்க.

முத்திரைமணி
கென் க்ளைமோவோட 11எக்ஸ், 12எக்ஸ் (11, 12 பட்டம்) முத்திரை போட்ட டீபேர்டை எறியாம வெச்சிருக்கறவங்களையும் இதே கூண்டுல நிறுத்தாதீங்க. உலகப் பட்டம் 12 வாங்கின மனுஷன். அவர் டிஸ்க்கை மரத்துல அடிக்கறதுக்கு மனசு வராது.

மெக்பெத்வெறி
பால் மெக்பெத் வாங்கின உலகப் பட்டம் 6தான், ஆனா போட்டி எவ்வளவு கடுமையான காலத்துலன்னு பாருங்க. க்ளைமோ காலத்துல எத்தனை பேர் ஆடினாங்க?

முத்திரைமணி
6ம் 12ம் ஒண்ணா? தம்பிக்கு 2 கிராம் கூடத் தெரியாதுன்னு நினைக்கறேன்.

ஹைசர்ஹரி
சேகரிக்கறவன் சேகரிக்கட்டும், அவனைப் பத்தி இங்க பேச்சே இல்ல. ஆடறவன் எப்படி அடுக்கி வைக்கறதுங்கறதை யாராவது பேசுங்க. இருபதை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கினா அடியில இருக்கற மெத்து பட்டர் நெளிஞ்சு போகும். செங்குத்தா தட்டு ஸ்டாண்டு மாதிரி நிறுத்தி வைக்கணும், சாய்வா நிக்கக் கூடாது. வெயில்ல நிக்கற கார் டிக்கில விட்டா பிரீமியம்கூட வளையும். வளைஞ்சுட்டா: குழாய்ல வர்ற வெந்நீர்ல, கொதிநீர் வேண்டாம், டிஸ்க் இளகற வரைக்கும் முக்கி எடுங்க. சமதரையில வெச்சு ரிம்மை உள்ளங்கையால அமுக்கிப் பிடிங்க. அப்படியே பச்சைத்தண்ணி ஊத்தி இறுக விடுங்க. நடுத்தட்டுல எடை வைக்காதீங்க, டோம் அமுங்கிடும்.

பார்ட்டிங்லைன்
அமுங்கினா டிஸ்க் வேற மாதிரி பறக்கும். ஆக டோம் முக்கியம்னு ஹரியே ஒத்துக்கிட்டாரு.

ஹைசர்ஹரி
நான் எதையும் ஒத்துக்கல. அமுக்காதீங்கன்னு சொன்னேன்.

மரமோதி
பட்டர் எத்தனை வெச்சுக்கலாம்? என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லல.

பனிக்கூடை
போட்டியில போடறதுக்கு ரெண்டு, தினசரி பயிற்சிக்கு அதே மோல்டுல பத்துப் பதினஞ்சு. சங்கிலி ரிம்மை அரிக்கும், அதனால ரெண்டு கும்பலையும் கலக்காதீங்க. அவசரமா பழக்கணும்னு சிமெண்டுத் தரையில தேய்க்கறவங்களைப் பாத்திருக்கேன், அது வேண்டாம். ஆடித் தேஞ்சா பரவாயில்ல. வார்ப்புப் பிசிறையும் கீறலையும் லேசா உப்புத்தாள் போட்டுத் தேய்க்கறதுக்கு விதி அனுமதிக்குது. பறக்கற விதம் மாறற அளவுக்குத் தேய்ச்சாலோ, விரிசல் விட்டாலோ போட்டியில செல்லாது.

சங்கிலிச்சத்தம்
பயிற்சி பட்டர் பதினஞ்சும் ஒரே எடையா இருக்கணுமா பனிக்கூடை? இல்ல 2 கிராம் முன்னப்பின்ன ஓடுமா?

பனிக்கூடை
என்னை விட்டுடுங்க.

பார்ட்டிங்லைன்
நான் விடமாட்டேன். புதுசா வாங்கறவங்க இதை மட்டும் செஞ்சு பாருங்க. பையில இருக்கற பழைய டிஸ்க்கைக் கடைக்குக் கொண்டு போங்க. கண்ணாடி மேசை மேல பழசையும் புதுசையும் ஒட்டி வெச்சு, கண்ணை மேசை மட்டத்துக்கு இறக்கி, பார்ட்டிங் லைன் ரெண்டும் ஒரே உயரத்துல ஓடுதான்னு பாருங்க. பழசுல அடிபடாத பக்கத்தைத் திருப்பி வைங்க, மரத்துல பட்ட இடத்துல ரிம்மோட முனை நசுங்கிருக்கும். அப்புறம் ஸ்கேலை மேல குறுக்க வெச்சு, ஓரத்துல விழற இடைவெளியை வெச்சு டோமை ஒப்பிடுங்க. கட்டைவிரலால நடுவுல அமுக்குங்க, டொப்புனு உள்ள போய் வர்றது வேற ரகம், வேண்டாம். கடைசியா எடை. கடையில தராசு கேளுங்க, அடியில எழுதினதை நம்பாதீங்க. நாலும் ஒத்துப்போனா இருக்கற அத்தனையும் அள்ளுங்க.

சங்கிலிச்சத்தம்
அடியில எழுதினதை நம்பாதேன்னு முதல்ல சொன்னது நான். மேல போய்ப் பாருங்க. இப்ப புரியுதா ஹரி ஏன் கோபப்பட்டாருன்னு?

ஹைசர்ஹரி
என்னை உங்க கட்சியில சேக்காதீங்க. 2 கிராமுக்கு நீங்க இன்னும் ஒரு காரணமும் சொல்லல, சேறுன்னு மட்டும்தான் சொன்னீங்க.

முத்திரைமணி
தொலைஞ்ச டிஸ்க்கை எடுத்தவங்க பேரும் போன் நம்பரும் பாத்துத் திருப்பிக் கொடுக்கற விளையாட்டு இது. அடியில பேர் எழுதுங்க, பேக்கப் தேவையே பாதி குறையும். வித்தா அசிட்டோன் வெச்சு அழிச்சுக்கலாம்.

பார்ட்டிங்லைன்
அசிட்டோனை பிரீமியத்துல போடுங்க. டிஎக்ஸ்ல போட்டீங்கன்னா மேல்பரப்பு பிசுபிசுன்னு ஆகிடும். இந்த லட்சணத்துல "எறியாதது"ன்னு விக்க வேற செய்வீங்க.

முத்திரைமணி
டிஎக்ஸ்ல போடுன்னு நான் எங்கய்யா சொன்னேன்? முத்திரை போட்டதை எவனாவது டிஎக்ஸ்லயா சேகரிப்பான்?

பார்ட்டிங்லைன்
"அழிச்சுக்கலாம்"னு பொதுவா எழுதினா டிஎக்ஸும் அதுல அடக்கம்தான். பதிவைத் திருத்துங்க, அப்புறம் பேசலாம்.

முத்திரைமணி
திருத்த முடியாது. உங்க முதல் பதிவுல சுழற்சியைச் சேர்த்துத் திருத்தினீங்களா, ஹரி கேட்டாரே?