அழகர்மலைப் பூங்கொத்தில் ஒரே நிற வண்டுகள்: ஆணும் பெண்ணுமா, வேறு இனங்களா?

மேலூர் வாசகர்:

அனைவருக்கும் வணக்கம். ஐப்பசி மழைக்குப் பிறகு அழகர்மலையில் நூபுர கங்கைக்கு ஏறும் பாதையோரம், பூத்திருந்த பூந்திக்கொட்டை மரத்தின் தாழ்ந்த கிளையில், செம்மஞ்சள் உடலும் கரிய சிறகு நுனியும் கொண்ட வண்டுகள் பலவற்றைக் கண்டேன். எல்லாம் ஒரே இனம் என்றே முதலில் எண்ணினேன். அருகில் சென்றபோது மற்றவை அசையாதிருக்க, ஒன்று மட்டும் சட்டெனப் பறந்து, சிறிது நேரத்தில் திரும்பி வந்து மகரந்தம் தின்னத் தொடங்கியது. அதன் உணர்கொம்புகள் மற்றவற்றைவிட நீண்டும் மெலிந்தும் இருந்தன. உடன் வந்த என் பெரியப்பா, துவரைப் பூவுக்கு வரும் கொப்புள வண்டுதான் இது, தொடாதே என்றார். இவை ஆணும் பெண்ணுமா, வெவ்வேறு இனங்களா?

நத்தம் இயற்கை ஆர்வலர்:

பெரியவர் எச்சரித்தது சரியே. கொப்புள வண்டின் கால் மூட்டுகளிலிருந்து கசியும் கேன்தரிடின் என்னும் நச்சுப்பொருள் தோலைக் கொப்பளிக்கச் செய்யும். ஆனால் துவரையிலும் வெண்டையிலும் நாம் காணும் அந்த வண்டுக்குச் சிறகின் குறுக்கே கரும்பட்டைகள் ஓடும், கழுத்தும் ஒடுங்கியிருக்கும். தாங்கள் கூறும் அடையாளங்கள் அதனுடன் பொருந்தவில்லை.

அசையாமல் இருந்தவை வலைச்சிறகு வண்டுகளாக இருக்கலாம். அவற்றின் முன்சிறகுகள் தோல் போல் மென்மையானவை; நெடுக்கு வரம்புகளும் அவற்றை இணைக்கும் குறுக்குக் கோடுகளும் சேர்ந்து வலை போலத் தெரியும். மேலிருந்து பார்த்தால் தலை மார்புத் தகட்டுக்கு அடியில் மறைந்திருக்கும். உணர்கொம்புகள் தட்டையாக, பெரும்பாலும் ரம்பப்பல் விளிம்புடன் இருக்கும். பறந்து திரும்பியது நீள்கொம்பு வண்டு என்பது என் கருத்து. அக்குடும்பத்தில் கண்கள் பெரும்பாலும் அவரை விதை வடிவில் வளைந்து, உணர்கொம்பின் அடியைச் சுற்றி அமைந்திருக்கும். எனவே இவை இரு வேறு குடும்பங்கள். நிறத்தை வைத்து இவற்றைப் பிரிக்க முயல வேண்டாம்.

மேலூர் வாசகர்:

மிக்க நன்றி ஐயா. அப்படியானால் நிறம் இவ்வளவு ஒத்துப்போவது ஏன்? நீள்கொம்பு வண்டுக்கும் நஞ்சு உண்டா?

திண்டுக்கல் விலங்கியல் ஆசிரியர்:

வலைச்சிறகு வண்டின் உடலில் கசப்பான வேதிப்பொருள்களும், கடுமையாக மணக்கும் பைரசின்களும் உள்ளன. ஒருமுறை கடித்துத் துப்பிய பறவை அந்தச் செம்மஞ்சளையும் கருப்பையும் மறப்பதில்லை. அதே நிறம் கொண்ட, தின்னத்தக்க வண்டையும் அது விட்டுவிடுகிறது. ஆங்கிலேய இயற்கையியலாளர் ஹென்றி பேட்ஸ் 1862-இல் அமேசான் காட்டுப் பட்டாம்பூச்சிகளைக் கொண்டு விளக்கிய போலித்தோற்றம் இதுதான். போலி பெருகி அசல் குறைந்தால், பறவைகள் அந்த நிறத்தைக் கசப்போடு சேர்த்துக் கற்றுக்கொள்ளும் வாய்ப்புக் குறையும். பலவற்றிடையே தாங்கள் ஒன்றை மட்டும் கண்டது இதனோடு பொருந்துகிறது.

எல்லா அசல்களும் நஞ்சுடையவை அல்ல. பிலிப்பைன்ஸில் மிகக் கடினமான ஓடுடைய ஒரு கூன்வண்டு இனக்குழுவை அங்குள்ள சில நீள்கொம்பு வண்டுகள் ஒத்திருக்கின்றன. ஆஸ்திரேலியாவிலோ, பூக்களை நாடும் பொன்வண்டுகள் சில வலைச்சிறகு வண்டின் சிவப்பை ஏற்றுள்ளன.

நஞ்சு பற்றிய தங்கள் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. வட அமெரிக்காவில் எலிட்ரோலெப்டஸ் என்னும் நீள்கொம்பு வண்டு, தான் ஒத்திருக்கும் வலைச்சிறகு வண்டுகளையே பிடித்துத் தின்கிறது. இரையின் நஞ்சைத் தன் உடலில் சேர்த்துக்கொள்ளும் என்றே எதிர்பார்க்கத் தோன்றும். ஆனால் தாமஸ் ஐஸ்னரும் உடன் ஆய்வாளர்களும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், இரையிலிருந்த லைசிடிக் அமிலம் என்னும் தற்காப்பு வேதிப்பொருள் அதன் உடலில் சேமிக்கப்படவில்லை என்றும், அத்தகைய இரையைத் தின்ற பிறகும் ஓநாய்ச் சிலந்திகளுக்கு அது ஓரளவு தின்னத்தக்கதாகவே இருந்தது என்றும் தெரிந்தது. அழகர்மலை வண்டின் வேதியியலை இதிலிருந்து முடிவு செய்ய இயலாது. தோற்றம் ஒன்றாக இருப்பதால் நஞ்சும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பது மட்டும் உறுதி.

நத்தம் இயற்கை ஆர்வலர்:

ஒரு செய்தியைச் சேர்க்க விரும்புகிறேன். நீள்கொம்பு வண்டின் புழு பெரும்பாலும் மரத்தைத் துளைத்தே வளர்கிறது. பல இனங்களுக்குப் பட்ட மரமும் விழுந்த கிளையுமே உணவு. மலையடிவாரத்தில் விறகுக்காக உலர்ந்த கட்டைகளை முழுவதும் அப்புறப்படுத்துவது எனக்கு வருத்தம் தருகிறது, ஏனெனில் பூ நிறைந்திருந்தாலும் புழுவுக்கு இடமின்றிப் போகிறது.

அடுத்த முறை மேலிருந்து ஒரு படமும், தலையும் கண்ணும் தெரியும்படி பக்கவாட்டில் ஒரு படமும் எடுங்கள். கையால் பிடிக்க வேண்டாம். கிளையை அசைக்காமல் நின்றால் பறந்தது திரும்பி வரும்.